மார்க்கரின் மூத்த மகள்

அப்பா எழுந்துவிட்டார். நான் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் ஓரக்கண்ணில் தெரிகிறது, மேல்வரிசையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு படியில் கால் வைக்கிறார். நானும் மௌனிகாவும் மோதுகிற ஆட்டத்தில் அவர் எழுந்திருக்க மாட்டார், அது எங்கள் வீட்டுச் சட்டம். அக்காவும் தங்கையும் ஆடும்போது அப்பா கோச் இல்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த யாரோ ஒருவர். கைதட்ட மாட்டார், உச்சுக்கொட்ட மாட்டார், இடைவேளையில் யார் காதிலும் வந்து ஓத மாட்டார். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவர் மாதிரி இரண்டு ஜோடியையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எத்தனை ஊர், எத்தனை போட்டி, ஒரு தடவை தவறியதில்லை. இன்றைக்கு எழுந்துவிட்டார். ஆளுக்கு இரண்டு கேம் ஜெயித்தாயிற்று, ஐந்தாவதுதான் பாக்கி, நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒன்றரை நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், அந்த ஒன்றரை நிமிஷத்துக்குள் அப்பா இறங்கி வருகிறார். யாரிடம் வருகிறார் என்பதுதான் கேள்வி. கண்ணாடிக் கோர்ட்டுக்கு ஒரே கதவு, கதவுக்கு இடப்பக்கம் என் நாற்காலி, வலப்பக்கம் அவளுடையது. படி இறங்கி முடிக்கிற வரைக்கும் இரண்டுக்கும் ஒரே வழிதான். நான் பார்க்கவில்லை. துண்டுக்குள் இருக்கிறேன். துண்டில் நேற்றைய சோப்பும் இன்றைய வேர்வையும் சேர்ந்து அடிக்கிறது, தொண்டையில் இரும்பு ருசி, தொடைக்குள் யாரோ நரம்பைச் சுண்டிச் சுண்டி விளையாடுகிறார்கள். என்னிடம் வர மாட்டார். வருவார் என்று நினைக்கிற அளவுக்கு நான் மடச்சி இல்லை. காலையில் அவ்வளவு கேட்ட பிறகும் நினைத்தால் மடச்சிதான். ஆனால் ஒருவேளை வந்தால் என்ன சொல்வார் என்று மனசு அதன் பாட்டுக்கு யோசிக்கிறது.

காலையில் கேட்டதை ஆட்டம் முடிகிற வரை நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன். நாலு கேமும் அதை நினைத்துக்கொண்டேதான் ஆடினேன். இது தேசிய ஸ்குவாஷ் போட்டியின் கடைசி ஆட்டம். கேட்பதற்குப் பெரிய பெயர், பார்க்க வந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் ஆடித் தோற்றவர்கள், மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். ஆனால் நான் ஜெயித்தால் ஆசியப் போட்டிக்குப் போகிற அணியில் நாலாவது இடம் எனக்கு. தோற்றால் அது தரவரிசையில் எனக்கு ஒரு படி மேலே இருக்கிற பெங்களூர்ப் பெண்ணுக்கு. மௌனிகா அந்த அணிக்குள் எப்போதோ போய்விட்டாள், முதல் பெயரே அவளுடையதுதான், அவளுக்கு இது அலமாரியில் இன்னொரு கோப்பை, தூசி தட்டக் கூடுதலாக ஒன்று. எனக்கு முப்பது நெருங்குகிறது. அடுத்த ஆசியப் போட்டி வரும்போது நான் யார் வீட்டுப் பிள்ளைக்காவது ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். அவர்தான் போன மாசம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், இத ஜெயிச்சுட்டா நீயும் உள்ள மரகதம், ரெண்டு பொண்ணும் ஒரே ப்ளைட்டு என்று. அப்படிச் சொன்ன வாய். அதே வாய்தான் காலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தனிடம் பேசியது. நான் தட்டிக்கு இந்தப் பக்கம் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன், அந்தப் பக்கம் அப்பா. ரெண்டு பேரையும் நீங்களேதான் பழக்கினீங்க, ஒருத்தர் ஆட்டத்துக்கு இன்னொருத்தர் ஆட்டம் நேரெதிரா இருக்கே, அது எப்படி சார் என்று அவன் கேட்டான். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கிளப்பில் மெம்பர்கள் தோளில் தட்டும்போது வருகிற சிரிப்பு. "பெரியவ இல்லன்னா சின்னவ இல்ல சார். சின்னவ கையில அஞ்சு வயசுலயே அந்த ஷாட்டு இருந்துச்சு. எதிர்ல நின்னு பந்தத் திருப்பிக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல? நான் டியூட்டிக்குப் போயிட்டா யாரு குடுப்பா? அதான் பெரியவள அதுக்கு ஏத்த மாதிரி பழக்கினேன். அவளுக்கு டிராப்பே சொல்லிக் குடுக்கல. பந்து உசுரோட இருக்கணும்ல?" சூப்பர் சார் என்றான் மைக்குக்காரன். அப்பாவும் சூப்பர் என்றார். வாயில் இருந்த பழத்தை முழுங்கினேனா துப்பினேனா என்பது ஞாபகமில்லை.

பந்து உசுரோட இருக்கணும். அந்த வார்த்தை கிளப்பு வார்த்தை. அப்பா மார்க்கர். மார்க்கர் என்றால் வெளியாட்களுக்குத் தெரியாது, ஏதோ குறித்துவைக்கிற குமாஸ்தா என்று நினைப்பார்கள். ஜோடி கிடைக்காமல் வந்து நிற்கிற மெம்பருக்கு எதிரே நின்று ஆடிக்கொடுக்கிற வேலை அது. மெம்பர் டாக்டராக இருப்பார், வக்கீலாக இருப்பார், வயிறு முன்னால் வந்திருக்கும், கால் பின்னால் நின்றுவிடும். அவருக்கு எட்டுகிற இடத்தில் பந்தைப் போட வேண்டும், ஆனால் ஊட்டிவிடுகிற மாதிரி தெரியக் கூடாது. அவருக்கு வேர்க்க வேண்டும், இளைக்கக் கூடாது. முடிக்கிற அடி எப்போதும் அவருடையதாக இருக்க வேண்டும். அப்பா ஏகாம்பரம் அதில் ஊரறிந்த கெட்டிக்காரர், அவரோடு ஆட மெம்பர்கள் முறை போட்டுக் காத்திருப்பார்கள், யாரையும் அவர் தோற்கடித்ததே இல்லை. சின்ன வயசில் நான் அதைப் பார்த்து, எங்கப்பா எல்லாரிடமும் தோற்கிறாரே என்று அழுதிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார், "தோக்கலடா கண்ணு, அதான் வேல." அந்த வேலையை அவர் வெறுத்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ராத்திரி காலை நீட்டிக்கொண்டு, என் பொண்ணுங்க மெம்பருங்க மாதிரி ஆடும், எவனுக்கும் பந்து பொறுக்கிப் போடாது என்று அம்மாவிடம் சொல்வார். பொண்ணுங்க என்றுதான் சொன்னார். பன்மையில் சொன்னார். நான் அந்தப் பன்மையை நம்பி வளர்ந்தவள்.

என் ஆட்டம் எப்படி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சுவரை ஒட்டி நீளமாக அடிப்பாள், அடித்துக்கொண்டே இருப்பாள், எதிராளி சலித்துப்போய்த் தப்புப் பண்ணுகிற வரைக்கும் அடிப்பாள். பந்து முன்சுவரில் பட்டுப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு பின்மூலைக்குப் போய்ச் செத்து விழும், எதிராளி எப்படியோ எடுப்பாள், நான் மறுபடி அங்கேயே அனுப்புவேன். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். மௌனிகாவுடையது வேறு. ராக்கெட்டை ஓங்குவாள், பின்சுவருக்குத்தான் வருகிறது என்று எல்லோரும் பின்னால் ஓடுவோம், கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்கி, முன்சுவரின் அடியில் இருக்கிற, டின் என்று சொல்கிற தகரப் பட்டைக்குச் சற்று மேலே பந்தை வைத்துவிடுவாள். அடிக்கிறது இல்லை, வைக்கிறது. தகரத்தில் பட்டால் அவளுக்குப் புள்ளி போச்சு, படாமல் மேலே பட்டால் பந்து எழும்பவே எழும்பாது, நாம் ஓடிப்போய்த் தரையைப் பார்த்துவிட்டு வரலாம். அதுதான் டிராப். பார்க்கிறவர்கள் ஆ என்பார்கள். அந்த ஆ எனக்குப் பழகிவிட்டது, பொறாமைகூட இல்லை, அப்பா சொல்லிவைத்திருந்தாரே, "உனக்கு இருக்கற பொறும யாருக்கும் கெடையாது மரகதம், அது என் குணம், அப்படியே உனக்கு வந்துருக்குது" என்று. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? அப்பா குணம் எனக்கு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரோரமாக அடித்தேன். பதிமூன்று வயசில் ஒரு நாள் பயிற்சியில் கை தானாக மடங்கி என் பந்து முன்சுவருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது, மௌனிகா ஓடி வந்து வழுக்கி விழுந்தாள், விழுந்து சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் ராக்கெட்டை வாங்கிக்கொண்டு, "அது அவ ஷாட்டு. நீ அடிக்காத, அனுப்பு" என்றார். மொத்தப் பயிற்சியும் அந்த ஒரு சொல்தான். அனுப்பு. நானும் அனுப்பினேன். ஒழுக்கம் கற்றுத்தருகிறார் என்று நினைத்தேன். களை பிடுங்குகிற மாதிரி என்னிடமிருந்து அதை அப்போதே எடுத்துவிட்டார் என்று இன்று காலையில்தான் புரிந்தது, அதுவும் யாரோ ஒருவனுக்கு அவர் பெருமையாகச் சொல்லும்போது. ஒளித்துவைத்திருந்தால்கூடத் தேவலை. ஒளிக்கவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

செருப்புச் சத்தம். அப்பாவின் செருப்பு இடது காலில் கொஞ்சம் இழுபடும். படி முடிந்துவிட்டது. வலப்பக்கம் போக வேண்டிய சத்தம் வலப்பக்கம் போகவில்லை. துண்டை இறக்கிப் பார்க்கிறேன், என் முன்னால் நிற்கிறார். என்னிடம்தான் வந்திருக்கிறார். அந்தப் பக்கம் மௌனிகா தண்ணீர் பாட்டிலை வாயருகே வைத்தபடி பார்க்கிறாள், அவள் புருவம் ஏறியிருக்கிறது. எனக்கு என்ன ஆகிறது என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. காலையில் கேட்டதெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, அப்பா வந்துவிட்டார் என்று நெஞ்சு குதிக்கிறது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முட்டியைத் தொடுகிறார்.

"மூச்சு வாங்கிக்கோ."

"ம்."

"அவளுக்கு வலது முட்டி வீங்கிக்கினு இருக்குது. கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. நான் கவனிக்காததை அவர் மேலிருந்து கவனித்து எனக்குச் சொல்ல இறங்கி வந்திருக்கிறார். வலப்பக்கம் முன்னால் இழுத்துவிடு என்று சொல்லப்போகிறார், திருப்பித் திருப்பி அந்தக் காலில் ஊன்ற வை என்று சொல்லப்போகிறார். என் அப்பா எனக்குச் சொல்லித்தருகிறார். வீட்டுச் சட்டத்தை எனக்காக மீறியிருக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேர்வையோடு வேர்வையாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வியாழக்கெழம கோலாலம்பூர்ல அவளுக்கு மெயின் ரவுண்டு" என்கிறார். "நீ இப்படியே இழுத்துக்கினு போனேன்னா அந்த முட்டி தாங்காது. கொஞ்சம் பாத்து, சீக்கிரமா முடிச்சிடு கண்ணு."

"முடிக்கறதுன்னா?"

"உனக்குத் தெரியாததா."

"அப்பா, இது ஜெயிச்சாதான் எனக்கு டீம்ல எடம்."

"தெரியும்மா. அஞ்சாவது கேம் அவகிட்ட நீ என்னிக்கு ஜெயிச்சிருக்க? இழுத்து இழுத்துக் கடசில தோக்கத்தான போற. அதுக்கு அவ முட்டியும் சேந்து போகணுமா? நீதான பெரியவ." என் முட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத. கோச்சிக்குவா."

எழுந்து போய்விட்டார். இடது செருப்பு இழுபட்டுக்கொண்டே படியேறுகிறது. டைம் என்கிறார் நடுவர். நான் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கிறேன், கால் எழுந்திருக்கிறது, நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. கோபம் வந்தால் நன்றாக இருக்கும், இரண்டு புள்ளியாவது அதில் வரும். ஒரு நொடி சந்தோஷப்பட்டேனே, அதுதான் மன்னிக்க முடியாமல் இருக்கிறது, அவரை இல்லை, என்னை. கதவில் குனிந்து உள்ளே நுழையும்போது மௌனிகா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறாள், "அப்பா என்னக்கா சொன்னாரு?"

"தண்ணி குடிக்கச் சொன்னாரு."

"எங்கிட்ட வரவேயில்ல" என்கிறாள். குரலில் நிஜமாகவே வருத்தம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கவில்லை.

பந்து ஆறிவிடக் கூடாது என்று அவள் இரண்டு தடவை சுவரில் அடித்துச் சூடேற்றுகிறாள். ஆட்டம் ஆரம்பமாகிறது. முதல் பந்து சுவரோரமாக வருகிறது, என் கை அதைச் சுவரோரமாகவே திருப்பி அனுப்புகிறது. மறுபடி வருகிறது, மறுபடி அனுப்புகிறேன். நான் யோசிக்க வேண்டிய வேலையே இல்லை, கை பார்த்துக்கொள்ளும், யோசிப்பதற்கு எனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் நேரம் இருக்கிறது. இழுத்துவிட்டால் என்ன? இழுத்தே கொன்றுவிடலாம், அந்த முட்டி பழுத்து வெடிக்கிற வரைக்கும் அவளை மூலைக்கு மூலை நடத்தலாம், வியாழக்கிழமை அவள் நொண்டிக்கொண்டு விமானம் ஏறட்டும், அப்பா மேலே உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குத்தானே என்னைப் பழக்கினார், நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் செய்றேன்ப்பா என்று சொல்லலாம். ஆனால் அவள் முட்டி என்ன பாவம் பண்ணியது? சின்ன வயசில் அந்த முட்டி சிராய்த்த போதெல்லாம் எச்சில் தொட்டு வைத்தவள் நான். சரி, இழுக்க வேண்டாம். அடித்து ஆடுகிறேன், முன்னால் போய் முடிக்கிறேன், அவர் எனக்குத் தராததை எடுத்துக்கொண்டு ஜெயிக்கிறேன். அப்படி ஆடினால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். சீக்கிரம் முடி என்றுதானே அவர் கேட்டார். இழுத்தால் அது அவர் எனக்குள் வைத்த ஆட்டம், முடித்தால் அது அவர் என்னிடம் கேட்ட ஆட்டம். இந்த நாலு சுவருக்குள் எனக்கென்று எந்த ஆட்டம் இருக்கிறது? பந்து இடது மூலைக்குப் போகிறது, ஓடுகிறேன், எடுக்கிறேன், அனுப்புகிறேன். நாலுக்கு நாலு. ரப்பர் வாசனை. ஷூ கீச்சிடுகிறது. அவள் டிராப் வைக்கிறாள், பறந்து போய் எப்படியோ எடுத்துவிடுகிறேன், யாரோ ஆ என்கிறார்கள், எனக்காகவா அவளுக்காகவா தெரியவில்லை. ஆறுக்கு ஐந்து. அவள் ஊன்றும்போது முகம் சுளிக்கிறது, ஆமாம், வீங்கியிருக்கிறது, இப்போது எனக்கும் தெரிகிறது, தெரியாமலே இருந்திருக்கலாம். அந்தக் காலுக்குப் பந்தைப் போட்டால் புள்ளி. போடாவிட்டால் அப்பா சொன்னதைக் கேட்டவள். போடுகிறேன். ஆறுக்கு ஆறு. போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டுக்கு எட்டில் அது வந்தது. அவள் ராக்கெட்டின் ஓரத்தில் பட்டு, பந்து தளர்ந்துபோய் முன்பக்கம் என் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது, நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், எடுத்துக்கொள் என்று கையில் கொடுக்கிற மாதிரி. அவள் பின்மூலையில் இருக்கிறாள். முன்னால் கோர்ட் முழுக்கக் காலி. மெல்ல வைத்தால் போதும், குழந்தைகூட வைக்கும். வை என்றேன். எனக்குள் அவ்வளவு தெளிவாக, வை மரகதம் என்றேன். கை மேலே போனது, தோள் திரும்பியது, பந்து நீளமாகச் சுவரை ஒட்டிப் பின்மூலைக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கைதான். நான் அனுப்பவில்லை, கை அனுப்பியது. கையும் அவர் பக்கம்தான். அதைவிடப் பெரிய அடி அடுத்த நொடி விழுந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், மௌனிகா பின்மூலையிலேயே நிற்கிறாள், ராக்கெட்டைத் தயாராக வைத்துக்கொண்டு. முன்னால் ஓடி வர அவள் ஒரு எட்டுக்கூட எடுத்து வைக்கவில்லை. கோர்ட்டின் நடுவில் சிவப்புக் கோடுகள் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அடித்த கையோடு எவளும் அங்கே ஓடிவந்துவிடுவாள், அங்கே நின்றால்தான் நாலு மூலையும் எட்டும். மற்றவர்களோடு ஆடும்போது மௌனிகா அங்கே பேய் மாதிரி வந்து நிற்பாள். என்னோடு ஆடும்போது வருவதில்லை. எப்போதுமே வந்ததில்லை, இரண்டு எட்டுப் பின்னாலேயே நின்றுகொள்வாள், சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். சோம்பல் இல்லை. இந்தப் பந்து எங்கே போகும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு முன்னால் அடிக்க வராது என்று எத்தனை வருஷமாகத் தெரிந்து, அந்த இரண்டு எட்டுத் தூரத்தை மிச்சம் பிடித்து ஆடியிருக்கிறாள். ராத்திரியில் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, உன்கிட்ட ஜெயிக்கறதுதான்க்கா ரொம்பக் கஷ்டம் என்று சொல்வாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். அப்பா சொல்லியிருப்பாரா, அவளாகக் கண்டுபிடித்தாளா? எதுவாக இருந்தாலும் அந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அவள் அந்தப் பந்தை எடுத்துத் திருப்பி ஜெயித்தாள். அடுத்ததை நான் ஜெயித்தேன், அவள் மூச்சுத் தப்பியதால். ஒன்பதுக்கு ஒன்பது. அதற்கடுத்தது அவளுக்கு. பத்துக்கு ஒன்பது, மேட்ச் பால் என்கிறார் நடுவர், குரலில் அவருக்கே களைப்பு. இந்தப் புள்ளி அவளுக்கானால் எல்லாம் முடிந்தது. உள்ளங்கையைச் சுவரில் தேய்த்து ஈரத்தைத் துடைக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகங்கள் மங்கலாகத் தெரிகின்றன, அதில் ஒன்று அவருடையது, எதுவென்று தேடவில்லை. பயமாக இருக்கிறது. தோற்பதற்கு இல்லை, கையை நினைத்துப் பயமாக இருக்கிறது, மறுபடி அப்படி ஒரு பந்து வந்தால் மறுபடி அனுப்பிவிடுமோ என்று. பந்து போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. இந்த முறை அவ்வளவு சுலபமாக இல்லை, சுவரில் இருந்து கொஞ்சம் விலகி வந்தது, அவ்வளவுதான், எந்தக் கோச்சும் இதை முன்னால் வைக்கச் சொல்ல மாட்டார், நீளமாக அனுப்புவதுதான் புத்தி. ராக்கெட்டை ஓங்கினேன். ஓங்கிய கையை இடது கையால் பிடித்து நிறுத்தலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு மணிக்கட்டை மடக்கினேன், வலிக்க வலிக்க மடக்கினேன், மொத்த உடம்பும் வேண்டாம் வேண்டாம் என்றது. பின்னால் ஷூ கீச்சிட்டது. மௌனிகா ஓடி வருகிறாள். வீங்கிய முட்டியோடு, வாயைத் திறந்துகொண்டு, என் பந்துக்குப் பயந்து முன்னால் ஓடி வருகிறாள், நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பந்து தகரத்தின் மேல்விளிம்பில் பட்டது. டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கைதட்டுகிறார்கள். மௌனிகா முன்சுவரில் கைகளை ஊன்றிக்கொண்டு, திரும்பி என்னையே பார்க்கிறாள். வியர்வை மூக்கு நுனியில் இருந்து சொட்டுகிறது. "எனக்கு எட்டியிருக்காதுக்கா" என்கிறாள், மூச்சுக்கு நடுவே. "சத்தியமா எட்டியிருக்காது." நான் தலையாட்டுகிறேன். அணி போயிற்று, ஆசியப் போட்டி போயிற்று, ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஆனால் அது என்னுடையது என்று நினைக்கிறேன். கை கொடுக்கிறோம், நடுவருக்குக் கை கொடுக்கிறோம். கதவு திறக்கிறது. அப்பா உள்ளே வருகிறார், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, கோர்ட்டுக்குள் செருப்போடு வர மாட்டார், கிளப்புப் பழக்கம். முதலில் என்னிடம்தான் வருகிறார். என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொள்கிறார். அவர் சட்டையில் ஊதுவத்தி வாசனை. "எனக்குத் தெரியும் கண்ணு" என்கிறார், காதில், ஆனால் அப்பாவுக்கு மெல்லப் பேச வராது. "நீ சொன்னாக் கேப்பேன்னு தெரியும். டின்னுல அடிச்சுக் குடுத்த பாரு. அப்படித்தான் நாங்க மெம்பருக்கு முடிச்சுக் குடுப்போம். சொம்மா ஒரு நூலு கீழ, அவருக்கே தெரியாது. யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? ரத்தத்துலயே இருக்குது பாரு."

நான் அவர் தோள் வழியாக மௌனிகாவைப் பார்க்கிறேன். அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் முகத்தில் கேட்டது தெரிகிறது. நாங்கள் இரண்டு பேர்தான் அந்தப் பந்து என்ன என்று அறிந்தவர்கள், நான் சொன்னால் சாக்கு, அவள் சொன்னால் சாட்சி. அவள் என்னைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். சொல்லுடி என்று நான் மனசுக்குள் கெஞ்சுகிறேன், இவ்வளவு வயசில் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுடி. அவள் தரையில் உட்கார்ந்து வலது காலை நீட்டுகிறாள்.

"அப்பா, ஐஸ் வேணும்" என்கிறாள்.

அப்பா என்னை விட்டுவிட்டு அவள் முட்டியருகே மண்டி போடுகிறார். ஐஸ் பெட்டி கதவுக்கு வெளியே இருக்கிறது. நான்தான் போய் எடுத்து வருகிறேன்.